தூக்குச்சட்டி வீட்டிலேயே இருக்கட்டும்!

உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் பக்கங்களிலிருந்து ராமேசுவரத்துக்கு வேன் பேசிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். இரவு பத்து மணிக்கு வேன் புறப்படும் என்றால், அந்த வீட்டு அம்மாள் அடுப்பு மூட்டுவது மாலை நாலு மணிக்கு. ஒரு குண்டான் புளிச்சோறு. தூக்குச்சட்டி நிறையத் தயிர்ச்சோறு. குழந்தைகளுக்கு இட்லி. இட்லிக்கு எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. மாமியாருக்குக் காரம் குறைத்துத் தனியாக ஒரு துவையல். எல்லாவற்றையும் கட்டி முடித்து, பாத்திரம் கழுவி, வீட்டைப் பூட்டி வேனில் ஏறும்போது அவள் பாதி உயிர்! உசிலம்பட்டி வருவதற்குள் தூங்கிப் போகிறாள்.

விடிந்தால் அக்கினி தீர்த்தம். பிறகு 22 தீர்த்தக் கிணறுகள். பிறகு சாமி தரிசனம். அப்புறம் ஒரு மரத்தடியில் வட்டமாக உட்கார வேண்டியது. எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறுவது யார்? அதே அம்மாள்தான்! சாப்பிட்டுக் கை கழுவியதும் "கிளம்பு, கிளம்பு" என்று ஒரே அவசரம். இரவு வீட்டுக்கு வந்தால், ஈரத்துணி மூட்டையும் எச்சில் பாத்திர மூட்டையும் அவள் கையைத்தான் பார்க்கின்றன.

இதற்குப் பெயர் "ஊர் சுற்றிப் பார்த்தல்"! அவள் எதைப் பார்த்தாள்?

வேனில் கூட்டமாகப் போவது தவறு என்று நாம் சொல்லவில்லை. சாமி காரியத்துக்குச் சொந்த பந்தம் சேர்ந்து போவதுதான் அழகு. ஆனால், கணவனும் மனைவியும் இரண்டே பேராக, வருடத்தில் ஒரு தடவையாவது, இரண்டு நாள் எங்காவது போய்வர வேண்டும். போகும்போது கட்டுச்சோறு கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனால்தான் அது மனைவிக்கும் உல்லாசப் பயணம். இல்லாவிட்டால் அது வேறு ஊரில் நடக்கும் அதே சமையல் வேலை!

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாள் பொழுதை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சமையல், துவைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாள் ஒன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். இந்த வேலைகளில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம்தான். 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் எதற்கும் இதில் விடுமுறை இல்லை. பண்டிகை நாளில் கூடுதல் வேலை!

இப்போது கல்யாணமான இளஞ்சோடிகள் விமானம் ஏறி மாலத்தீவுக்கும் பாலித் தீவுக்கும் போகிறார்கள். நம் பள்ளத்தாக்கிலிருந்தும் போகிறார்கள். போகட்டும், நமக்குப் பொறாமை இல்லை! ஆனால் மாலத்தீவின் கதையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வெகு காலம் "ஒரு தீவு, ஒரு ஓட்டல்" என்பதே ஏற்பாடு. வெளிநாட்டார் அந்த ஓட்டல் தீவிலேயே இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கிருந்தே ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. 2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சாதாரணக் குடும்பங்களும் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்தது. அதன் பிறகுதான் வந்தவர்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கண்டார்கள். சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய் எல்லாம் பிசைந்து, ரொட்டியோடு காலையில் தின்பது அவர்கள் வழக்கம். நம் தென்கடலோரக் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு அவர்கள் நாட்டிலும் உண்டு! கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த ஊரிலும் கிடைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கு அவ்வளவு தூரம் போவானேன்?

தீவு என்றால் கடல் கடந்துதான் போகவேண்டுமா? ராமேசுவரமும் தீவுதான். கோவிலை நினைக்கிற நாம் அதை மறந்துவிடுகிறோம்! உத்தமபாளையத்திலிருந்து 300 கிலோ மீட்டருக்கும் குறைவு. நம் ஊருக்கு ரயில் இல்லை. பஸ்ஸில் மதுரை போய், அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். போடியிலிருந்து மதுரை வழியாகப் போகும் ரயிலும் 2023 ஜூன் முதல் மறுபடியும் ஓடுகிறது.

இன்னொரு உறவும் உண்டு. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கம்பத்தையும் உத்தமபாளையத்தையும் கடந்து வைகையில் கலக்கிறது. அந்த வைகைதான் மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. மிச்சம் இருந்தால் கடலைத் தொடும். ரயிலிலோ பஸ்ஸிலோ ராமேசுவரம் போகிறவர்கள் நம் வயலில் புரண்ட தண்ணீரின் பின்னாலேயே போகிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் மதுரைக்குக் கிழக்கே போகப்போகப் பச்சை குறையும். கருவேலங்காடு வரும். இரண்டு போகம் விளைகிற நம் நிலத்தின் அருமை அங்கே தெரியும்!

பாம்பனை ரயிலில் கடப்பது ஒரு தனி இன்பம். முதல் பாலம் 1914-இல் திறந்தது. நீளம் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே தூக்கும். உப்புக்காற்றில் துருவேறி, 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி பிளப்பதில்லை. 72 மீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பகுதி, லிப்டைப் போல அப்படியே நேராக மேலே ஏறுகிறது! பஸ்ஸில் போகிறவர்களுக்கு 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தை மனைவிக்கு விடுங்கள்.

முதல் நாள் கோவிலுக்கு ஒதுக்கிவிடலாம். காரணம் உண்டு. "மீன் சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்கு எப்படிப் போவது?" என்ற கேள்வியிலேயே நம் பக்கத்துப் பயணங்கள் பாதி கெட்டுப்போகின்றன! சாமியை முதலில் கும்பிட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கூட்டத்தோடு ஓடாமல், மூன்றாம் பிராகாரத்தை ஒருமுறை சாவகாசமாகச் சுற்றி வரலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் கட்டியது. அன்றைய சாப்பாடு கோவிலைச் சுற்றியுள்ள சைவக் கடைகளில். வடநாட்டு யாத்திரிகர்கள் வந்து குவிகிற ஊர் ஆதலால், குஜராத்திச் சாப்பாடும் ராஜஸ்தானிச் சாப்பாடும் அங்கே சர்வ சாதாரணம். சூடான சப்பாத்தியை யாரோ சுட்டு, யாரோ கொண்டுவந்து இலையில் போட, நம் வீட்டு அம்மாள் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி எத்தனை வீட்டில் காணக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் தனுஷ்கோடி.

பேய்க்கரும்பில், முன்னாள் ஜனாதிபதி அப்துல் கலாமின் நினைவிடத்தைப் பார்த்துவிட்டும் போகலாம். பாம்பனிலிருந்து வரும்போதே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. தனுஷ்கோடிக்குப் போகும் சாலை முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் மணலில் ஜீப்பும் வேனும் உருண்டு புரண்டு போகும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. சாலைக்கு இரு பக்கமும் கடல். ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும். மறுபக்கம் அலை அடிக்கும். அமைதியான வடகடலைப் "பெண் கடல்" என்றும், குமுறுகிற தென்கடலை "ஆண் கடல்" என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சில வீடுகளில் இது தலைகீழ் என்று நம் வாசகர்கள் சிரிக்கக்கூடும்!

சிரிப்பு அடங்குகிற இடமும் அங்கேதான் இருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வரை தனுஷ்கோடி ஒரு பெரிய ஊர். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் அங்கே நிற்கும். இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. அன்றிரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் அழிந்தது. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அந்தச் சமயம் ராமேசுவரத்தில் தங்கியிருந்து உயிர் தப்பியவர்கள். இன்று மிஞ்சி நிற்பவை இடிந்த தேவாலயச் சுவரும், ரயில் நிலையத்தின் சில கற்களும்தான். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விட்டுப் போகவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஓலைக் கொட்டகை போட்டு மீன் வறுத்து விற்கிறார்கள். நம் பயணிகள் உட்கார வேண்டிய இடம் அதுதான். விளமீன், பாறை, சீலா, நண்டு, கணவாய் எல்லாம் மசாலா தடவித் தட்டில் இருக்கும். இதுதான் என்று கை காட்டினால், கண் முன்னாலேயே வறுத்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு பேரம் பேசுவது இருவருக்கும் மனக்கசப்பு. வைகை அணைக் கெண்டையிலே பழகிய நாக்குக்குக் கடல் மீன் வேறு ருசி. முள் குறைவு. சதை கெட்டி. குழம்பும் சோறும் கேட்டாலும் கிடைக்கும். பனங்காட்டுப் பக்கம், பருவத்தில், பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றி நுங்கும் போட்டுத் தருவார்கள். வாய் ஓரமெல்லாம் ஒழுகும். ஒழுகட்டுமே! யார் பார்க்கிறார்கள்?

ஒரு தட்டு மீனுக்குப் பின்னால் இருக்கும் பாட்டையும் மறக்கக்கூடாது. ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகளுக்குத் தடை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும் செய்தி அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் நடத்தும் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுப் போனால், அந்தப் பணம் நேராக அந்த அடுப்படிக்குப் போகிறது. கட்டுச்சோற்று வேன்கள் அந்த ஊருக்கு விட்டுப் போவது எச்சில் இலைதான்!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அரிச்சல்முனைச் சாலையில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடமும், அக்கினி தீர்த்தக் கரையில் துணி மாற்ற மறைவான இடமும் வருகிற கூட்டத்துக்குப் போதுமான அளவில் இருக்கவேண்டும். பெண்கள் பயணத்துக்குத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெளியில் சொல்வதில்லை, தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கிறார்கள்.

"வெளிச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும்" என்பார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு தின்கிற மீனா கெடுக்கும்? வேனுக்குள் பதினாலு மணி நேரம் புழுங்கிய தயிர்ச்சோறா? "செலவு ஆகும்" என்பார்கள். ஆகத்தான் செய்யும். ஒரு கல்யாண மொய்க்கும் ஒரு காதுகுத்துக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். களையெடுத்தும், திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போயும் பிழைக்கிற தம்பதிகளுக்கு இரண்டு நாள் கூலி போவது பெரிய விஷயம்தான். அதை நாம் மறுக்கவில்லை. இரண்டாம் போகம் அறுத்துக் களம் ஓய்ந்த பிறகு வேலை இல்லாத நாட்கள் கொஞ்சம் வரும். அதில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான தடை இவை ஒன்றும் அல்ல. "கிழவனும் கிழவியும் தேனிலவுக்குப் போறாக!" என்று தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களே என்ற கூச்சம்தான்! ஐம்பது வயது அம்மாள் கணவனோடு தனியாகப் பஸ் ஏறினால் அது ஏதோ துக்க வீட்டுக்கு என்றே ஊர் நினைக்கிறது. ராமேசுவரம் என்றாலோ திதி கொடுக்க, இல்லாவிட்டால் பிள்ளை வரம் கேட்க, இல்லாவிட்டால் கடைசிக் காலத்தில் புண்ணியம் தேட. முழங்கால் தேய்ந்து, பல் போன பிறகு போனால் மணலில் நடக்கவும் முடியாது, நண்டைக் கடிக்கவும் முடியாது! "ஏங்க, பிள்ளைகளை யாரு பாத்துக்குவா?" என்று அவளே கேட்பாள். பாட்டி வீட்டில் இரண்டு நாள் இருந்தால் பிள்ளைகள் இளைத்துப் போய்விட மாட்டார்கள்.

அரிச்சல்முனையில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. பொழுது சாய்வதற்குள் போலீசார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகையால் காலையிலேயே போய்விடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலுமான காலம், தவிர்க்கலாம்.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தில் இறங்குங்கள். அந்த மணலில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் நாற்று அங்கிருந்துதான் போகிறது. அம்மாளுக்குப் பிடித்ததாக நாலு நாற்று வாங்கி, வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டால் உத்தமபாளையம் வரை வாடாது.