யார் முதலாளி?

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் சிப்டு முடிந்து வரும் டைலரிடம், "உங்கள் முதலாளி யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கான்ட்ராக்டர் பெயரைச் சொல்வார். கம்பெனிக்காரரோ, "அவர் எங்கள் ஆளல்ல" என்பார். கான்ட்ராக்டரைக் கேட்டால், "கம்பெனி ரேட்டைக் கூட்டினால்தானே நான் கூலியைக் கூட்ட முடியும்?" என்று கையை விரிப்பார்.

முதலாளி யாரென்றே தெரியாதபோது கோரிக்கையை யாரிடம் வைப்பது? பனியன் தொழிலில் சங்கம் கட்டுவது கடினமாயிருப்பதற்கு இதுவே முதற் காரணம் என்கிறோம். தொழிலாளிக்குத் துணிவில்லை என்பது வீண்பேச்சு. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது இதே திருப்பூர்த் தொழிலாளர் அல்லவா? அதன் பின் நிட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் ஓரிடம் என வேலை மேலும் மேலும் சிதறியது. வேலையோடு தொழிலாளியும் சிதறினார்.

2025 நவம்பர் 21-இல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? பல சங்கங்கள் உள்ள இடத்தில், கம்பெனிப் பதிவேட்டிலுள்ளோரில் 51 சதவீதத்தைத் திரட்டிய சங்கமே தனித்துப் பேசலாமாம்! கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் அந்தப் பதிவேட்டில் எங்கே இருக்கிறது?

தோழர்களே! கம்பெனி வாசலில் மட்டும் நின்று பயனில்லை. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த சகோதரர்கள் தங்கும் விடுதிகளுக்குச் செல்வோம். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கற்போம். கம்பெனிக்கொரு சங்கமல்ல, ஊருக்கே ஒரு சங்கம் வேண்டும். கான்ட்ராக்டர் மாறலாம், தொழிலாளியின் சந்தா அட்டை மாறக்கூடாது!