பாயும் நூலும்

ஓரம் மடித்துத் தைத்த துணியெல்லாம் படகுப் பாயாகிவிடாது. துண்டுகளின் விளிம்பைச் சற்றே வளைத்து வெட்டி இணைத்தாலன்றிப் பாய் வயிறு கொள்ளாது, காற்றையும் ஏந்தாது. ரவிக்கை தைக்கும் சகோதரிகள் இந்நுட்பத்தை நன்குணர்வர்.

இங்கிலாந்தில் கோடை தொடங்குமுன் பாய் தைப்போர்க்கு ஓய்வில்லை. பந்தயப் படகோட்டி வேண்டுவது வேகம். அவருக்கு நீட்சியற்ற இலேசான துணி. மரபுப் படகுடையார் வேண்டுவது பழைய அழகு. அவருக்குக் கையால் தைத்த ஓரக்கயிறு. நெடும்பயணஞ் செல்வோர் வேண்டுவதோ உயிர்க்காப்பு. அவர்க்குத் தடித்த துணியும் மூவரிசைத் தையலும்.

1941இல் அந்நாட்டிற் கண்டறியப்பட்ட டெரிலீன் இழை பருத்தியைப்போல் உக்குவதில்லை. ஆயினும், பருத்தியில் அமிழ்ந்து நிற்கும் தையல், டெரிலீனில் மேலே துருத்தி நிற்கும். உராய்வும் வெயிலும் முதலில் அரிப்பது அந்நூலையே. நூல் அற்றபின் துணி இருந்தென்ன பயன்? விலை பேசுவோர் தையற்கூலியில் மட்டும் கைவைக்கலாகாது என்போம் நாம்.