அடிக்குறிப்பில் அடைபட்ட காற்று

உக்ரைனின் மிக்கோலாயிவ் வட்டாரத்தில் ஒரு காற்றாலைப் பண்ணையின் வேலை போருக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை நுழைந்ததும் வேலை நின்றது. பிறகு தொழிலாளர்கள் குண்டு துளைக்காத சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். போர்முனை அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2023 மே மாதத்துக்குள் 19 கோபுரங்கள் எழுந்து நின்றன. திறன் 114 மெகாவாட். படையெடுப்புக்குப் பிந்தைய அதே காலத்தில், வெடிச்சத்தமே கேட்காத இங்கிலாந்தில் நிலத்தில் புதிதாக நின்ற காற்றாலைகள் இரண்டே இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மெகாவாட்.

காற்றுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. ஐரோப்பாவில் காற்று அதிகம் வீசும் நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. கிளாஸ்கோ நகருக்கு அருகே வைட்லீ மேட்டில் 215 காற்றாலைகள் சுழல்கின்றன. திறன் 539 மெகாவாட். எல்லையைத் தாண்டித் தெற்கே வந்தால் அதே தீவு, அதே அட்லாண்டிக் காற்று. ஆனால் நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஸ்காட்லாந்துக்குத் தனி, இங்கிலாந்துக்குத் தனி. காற்று அந்த எல்லையில்தான் தடுக்கி விழுந்தது.

கதை 2012-ல் தொடங்குகிறது. கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், காற்றாலைக்குத் தரும் மானியத்தைக் குறைக்கச் சொல்லிப் பிரதமர் கேமரூனுக்குக் கடிதம் எழுதினார்கள். 2015 தேர்தலில் அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. ஜூன் 18 அன்று அமைச்சர் கிரெக் கிளார்க் எழுத்து மூலமாக ஓர் அறிக்கை வைத்தார். அதில் ‘தடை’ என்ற சொல்லே கிடையாது. இரண்டு நிபந்தனைகள் மட்டும் இருந்தன. ஒன்று, காற்றாலைக்கு ஏற்ற இடம் என்று உள்ளாட்சியின் திட்ட ஆவணத்தில் அந்த நிலம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு, அக்கம்பக்கத்தார் எழுப்பும் ஆட்சேபங்கள் முழுமையாகத் தீர்க்கப்பட்டு, அவர்களின் ஆதரவும் இருக்க வேண்டும்.

படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஊராருக்கு உரிமை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பெரும்பாலான உள்ளாட்சிகளின் ஆவணத்தில் அப்படி ஒரு நிலம் குறிக்கப்படவே இல்லை. ‘முழுமையாக’ என்ற ஒற்றைச் சொல்லோ, நூறு பேர் சரி என்றாலும் ஒருவர் முகம் சுளித்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுபோய் விட்டது. வேறு எந்தக் கட்டுமானத்துக்கும் இந்த அளவுகோல் இல்லை. பின்னாளில் இந்த விதி தேசியத் திட்டக் கொள்கை ஆவணத்தின் அடிக்குறிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நாட்டின் மின் உற்பத்தியைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நிறுத்தி வைக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய பெருமை இங்கிலாந்துக்கே.

கோபுரம் பக்கத்தில் வந்தால் கண்ணை உறுத்தும் என்பது பொய்யல்ல. இன்றைய காற்றாலைகள் 150 மீட்டரைத் தாண்டி நிற்கின்றன. ஆனால் வாழ்ந்து பார்த்த ஊர்களும் உண்டு. கார்ன்வால் பகுதியில் டெலபோல் என்ற கிராமத்தில் பிரிட்டனின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை 1991-ல் வந்தது. மொத்தம் பத்துக் கோபுரங்கள். இருபது ஆண்டு கழித்து அவற்றை இறக்கிவிட்டுப் பெரிய கோபுரங்கள் நான்கை நட்டார்கள்; மின்சாரம் முன்னைவிடக் கூடியது. 2013-ல், இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு மின்கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி அறிவித்தது அதை நடத்திய நிறுவனம்.

2022-ல் எரிவாயு விலை ஏறிய பிறகுதான் ஆளுங்கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. தடையை நீக்கக் கோரிய மசோதாத் திருத்தத்தில் கையெழுத்திட்டவர்களில் போரிஸ் ஜான்சனும் லிஸ் டிரஸ்ஸும் உண்டு. இருவரும் அப்போதுதான் பிரதமர் நாற்காலியை விட்டு இறங்கியவர்கள். உட்கார்ந்திருந்தபோது வராத வேகம் இறங்கியதும் வந்தது. 2023 செப்டம்பரில் விதி சற்றுத் தளர்ந்தது. முதலீட்டாளர்கள் அசையவில்லை. 2024 ஜூலை 4-ல் லேபர் கட்சி வென்றது. நான்காம் நாள், ஜூலை 8 அன்று, நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தம் முதல் உரையிலேயே அந்த அடிக்குறிப்புகளை விலக்கினார். ஒன்பது ஆண்டு முடக்கம், நான்கு நாளில் முடிந்தது.

விதி போன வேகத்தில் கோபுரம் வந்துவிடாது. பறவைகளின் நடமாட்டத்தைப் பருவம் பருவமாகக் கணக்கெடுக்க வேண்டும். மின்தொகுப்பில் இணைய வரிசையில் காத்திருக்க வேண்டும். 2030-க்குள் நிலக் காற்றாலைத் திறனை 27 முதல் 29 ஜிகாவாட்டாக உயர்த்துவது அரசின் இலக்கு. அதை அறிவித்தபோது பிரிட்டன் முழுவதும் இருந்தது சுமார் 15. அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில்.

அவசரம் அரசை எங்கே கொண்டுபோகும் என்பதுதான் இப்போதைய கவலை. 2025 டிசம்பர் 31 முதல், 100 மெகாவாட்டைத் தாண்டும் திட்டங்களை உள்ளாட்சி தொட வேண்டியதில்லை. முடிவு நேராக லண்டனில் அமைச்சரின் மேசைக்குப் போகிறது. மேற்கு யார்க்ஷயரில் வால்ஷா மேட்டுக்கென முதலில் பேசப்பட்ட 65 கோபுரத் திட்டம் எழுப்பிய எதிர்ப்பைப் பார்த்தால் இதன் சிக்கல் புரியும். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் பிறந்த பூமி என்ற உணர்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேடு பீட் எனும் கரிச்சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிமத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும் மண் அது. அதைத் தோண்டிச் சாலை போட்டு, பசுமை மின்சாரம் எடுப்பதில் லாபக்கணக்கு சரியாக வருமா என்று கேட்பவர்களை எல்லாம் காற்றாலை விரோதிகள் என்று ஒதுக்கக் கூடாது. 2015-ல் ஒற்றை எதிர்ப்பாளருக்கு முழு அதிகாரம் கொடுத்தது பிழை என்றால், இப்போது ஊரின் வாயையே அடைப்பதும் அதே பிழையின் மறுபக்கம்தான்.

ஊரைப் பங்காளியாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிஸ்டல் நகரின் லாரன்ஸ் வெஸ்டன் சாட்சி. உலகப்போருக்குப் பின் நகராட்சி கட்டிய குடியிருப்பு. வசதி குறைந்தவர்கள் வாழும் இடம். அங்குள்ள மக்கள் அமைப்பு, தடை அமலில் இருந்தபோதே அனுமதி வாங்கி, சுமார் 40 லட்சம் பவுண்டு திரட்டி, அருகிலுள்ள ஏவன்மத்தில் 2023-ல் ஒரு காற்றாலையை நிறுத்தியது. 150 மீட்டர் உயரம், 4.2 மெகாவாட், 3,500 வீடுகளுக்குப் போதும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு அளவில் ஊருக்கு வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதே காற்றாலையை வெளியார் நிறுவனம் ஒன்று நட்டிருந்தால்? இங்கிலாந்தில் 2013-ல் ஏற்பட்ட நெறிப்படி மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஊர் நிதிக்குப் போகும். பெருக்கினால் 21,000. அதுவும் சட்டக் கட்டாயம் இல்லை, நிறுவனத்தின் மனம்.

இந்த நிதியைக் கட்டாயமாக்கலாமா என்று அரசு 2025-ல் கருத்துக் கேட்டது. கேட்பது நல்லதுதான், ஆனால் நிதி என்பது கொடுப்பவர் கையில் இருப்பது, பங்கு என்பது வாங்கியவர் கையில் இருப்பது. டென்மார்க் 2009-லேயே, புதிய காற்றாலையின் உரிமைப் பங்கில் குறைந்தது 20 சதவீதத்தைச் சுற்றுவட்டார மக்களுக்கு விற்பனைக்கு வைத்தாக வேண்டும் என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. லண்டன் அடிக்குறிப்பை அழித்துவிட்ட இடத்தில் எழுத வேண்டிய வரி அதுதான்; இந்த முறை பக்கத்தின் நடுவில், எல்லாருக்கும் தெரியும் எழுத்தில்.