கப்பல் ஏறும் நாள்



இரயில் நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரிபவனுக்குப் புறப்பாடு என்பது புதிய காட்சியன்று. விடுமுறையில் நம் குடும்பங்கள் ஊருக்குச் செல்லும் நாளில், பெட்டி எத்தனை, தண்ணீர்க் கூஜா எங்கே, குழந்தை யார் கையில் என்று எழும் குரல்களுக்கு என் செவி என்றோ பழகிவிட்டது. ஆயினும், உலகின் தென்கோடியில் நிகழும் ஒரு புறப்பாட்டைப் பற்றி அண்மையில் படித்தபொழுது, என்னைப் பற்றியே ஓர் உண்மை புலனாயிற்று. அதனை இம்மாதம் தங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அர்ஜெண்டினாவின் தென்முனையில், பீகிள் கால்வாயின் கரையில், உஷுவாயா என்றொரு துறைமுகம் உண்டு. அண்டார்க்டிகாவைக் காணச் செல்லும் பயணிகளுட் பெரும்பாலோர் அங்கேதான் கப்பல் ஏறுகின்றனர். நவம்பர் முதல் மார்ச் வரை அதற்குரிய காலம். அப்பொழுது அங்குக் கோடை. பனிக்கடற் பயணத்திற்கெனவே 1969-இல் 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்' என்ற சிறு கப்பல் கட்டப்பட்ட பின்னர், இத்தகைய பயணங்கள் பெருகின. 500-க்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிய கப்பல் அங்கு எவரையும் கரையிறக்குவதில்லை. சிறிய கப்பல்களிலிருந்தும் ஓரிடத்தில் ஒரே வேளையில் 100 பேருக்கு மேல் இறங்கலாகாது.

கப்பல் ஏறும் நாளின் ஒழுங்கு எங்கள் நிலையத்து ஒழுங்கினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. பெட்டிகளில் அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி முற்பகலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். பயணிகள் பிற்பகலில் ஏறுகின்றனர். கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு அறைச் சாவியைத் தருகின்றனர். மேல்தளத்தில் நின்று மலைகளையும் துறைமுகத்தையும் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் இருக்கும். ஆனால், அதற்கு முன் ஒரு கடமை உண்டு. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நெடிய ஒலியுமாகச் சங்கு முழங்கும். உடனே ஒவ்வொருவரும் உயிர்காப்புச் சட்டையுடன் தமக்குரிய இடத்திற்குச் சென்று நிற்க வேண்டும். அங்கே பெயர் அழைத்துச் சரிபார்க்கின்றனர். எந்தப் படகில் ஏறுவது, எவ்வழியே செல்வது என்று காட்டுகின்றனர். செல்வந்தர், முதியவர், பலமுறை பயணம் செய்தவர் என எவருக்கும் விலக்கு இல்லை.

இவ்விதி வெறுஞ்சடங்கன்று. 1912-இல் டைட்டானிக் மூழ்கி 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டதன் விளைவாக, 1914-இல் கடற்பயணப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. பின்னாளில், புறப்பட்ட 24 மணி நேரத்திற்குள் இப்பயிற்சியை நடத்தினாற் போதும் என்ற நிலை இருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை ஏறிய ஏறத்தாழ 700 பேருக்கு அப்பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. விதியின்படி அவகாசம் மீதமிருந்தது! அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடைபெற வேண்டும் என்று 2015 முதல் விதி மாறியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேலே சொன்ன சிறு கப்பல், 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயருடன் உஷுவாயாவிலிருந்து புறப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று அண்டார்க்டிகாவின் அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதில் இருந்தவர் 154 பேர். நடுங்கும் குளிரில் படகுகளில் பல மணி நேரம் காத்திருந்தனர். பின்னர் ஒரு நார்வேக் கப்பல் வந்து அனைவரையும் ஏற்றிக்கொண்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இதைப் படித்தபொழுது என் மனம் என்னைச் சுட்டது. காரணத்தை மறைப்பானேன்? சென்ற ஆண்டு நான் பணிபுரியும் இடத்தில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. மாத முடிவுக் கணக்கு மேசைமேல் இருந்தது. "எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடும், ஐயா" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். ஏட்டில் என் பெயர் இருந்தது. படிக்கட்டில் நான் இல்லை. பயணிகள் விதியை மீறினால் முகஞ்சுளிக்கும் நான், என் உயிரைக் காக்கும் விதியை இவ்வாறு ஏய்த்தேன். அன்று மாலை வீடு திரும்பியபொழுது, வாயிலில் காத்திருந்த என் மகளுக்கு இது தெரியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நம் சங்க மண்டபத்தில் சென்ற பொங்கல் விழாவன்று இருக்கை நிரம்பிப் பலர் நின்றுகொண்டிருந்தனர். பின்புற வாயிலை அடைத்து நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கியவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே, செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். வரும் விழாவில் கடவுள் வாழ்த்து முடிந்ததும், இரண்டு வாயில்களையும் காட்டி, அவசரம் நேர்ந்தால் எவர் எவ்வழியே செல்வது என்று ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பின்வாயிற் கதவைத் திறந்து, அதனருகே யாரேனும் ஒருவர் நிற்க வேண்டும். நிற்பதற்கு நான் ஆயத்தமாக இருக்கின்றேன். நாடகம் பார்க்க முடியாது போனாலும் குறையில்லை.