தலையாட்டிய தாய்

சென்ற மழைக்காலத்தில், காய்ச்சலில் துவண்ட மகனைத் தோளில் சுமந்து வந்த இருளர் குலத் தாய் ஒருவருக்குத் துணையாக, நகரத்து மருத்துவமனை ஒன்றின் வரிசையில் நின்றோம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்பினர் அவர். "ஏய், இங்கே வா" என்று அழைத்தார்கள். மாத்திரைகளைக் கையில் திணித்து, "சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை, புரிகிறதா?" என்றார்கள். தலையாட்டினார். வெளியே வந்து நாமும் அதையே கேட்டோம். மீண்டும் தலையாட்டினார். மனநிறைவோடு அடையாறு திரும்பினோம்.

ஐந்தாம் நாள் அக்குடியிருப்புக்குச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. அவ்வீட்டில் அடுப்பு மூள்வது மாலையில் மட்டுமே. சாப்பாட்டுக்குப் பிறகு என்ற கட்டளையைப் பிசகாமல் காத்து, நாளுக்கு ஒரு மாத்திரையே கொடுத்திருக்கிறார்! காய்ச்சல் தணியவில்லை.

"அன்றே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"ஒரு வேளைதான் உலை வைக்கிறோம்னு அத்தனை பேர் நடுவுல எப்படிச் சாமி சொல்றது?"

நமக்கு நா எழவில்லை. கேள்வி கேட்டவர்களுள் நாமும் ஒருவரன்றோ!

அதே சாலையில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை அவர்கள் எடுத்துக் கொடுக்க, அதிலிருந்தே நச்சுமுறி மருந்து உருவாகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. மருத்துவமனைக் குளிர்ப்பெட்டியில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. வரிசையில் நிற்கும் அவர்களுக்கோ "ஏய்"!

மாற்று வழி இல்லாமலில்லை. நீலகிரியின் கூடலூரில் 1990-இல் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையில், பணியர், குறும்பர் முதலிய குலங்களின் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றனர். தன் மொழியில், தன் உறவுமுறை சொல்லி விசாரிப்பவரிடம் எந்தத் தாய் மறைப்பாள்? தருமபுரி மாவட்டச் சித்தேரி மலையடியில், சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993 முதல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சியளித்து இதையே செய்து வருகின்றனர். கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலும், சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், ஆதிகுடி மக்கள் 1971-லேயே தமக்கென மருத்துவ நிலையம் கண்டனர். பெரியவர் முன் "ஆம்" என்பது சம்மதமன்று, மரியாதையே என்பதை அறிய, அந்த மரியாதைக்குள் பிறந்தவரே வேண்டியிருக்கிறது.

நம் பங்குக் குடும்பங்களில் செவிலியராயிருக்கும் பெண்மக்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். "புரிகிறதா?" என்பதை விட்டு, "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். சற்று நேரமாகும். வரிசை நீளுந்தான்.

அத்தாயை மறுமுறை அழைத்துச் சென்றபோது, இளம் செவிலியர் ஒருவர் அவரைத் தனியே பெஞ்சியில் அமர்த்தி, "அக்கா, தம்பி காலையில் என்ன குடிப்பான்?" என்று தொடங்கினார். கால்மணி நேரம் அத்தாய் பேசினார். வெறும் வயிற்றிலும் கொடுக்கக்கூடிய மருந்தாக மருத்துவர் மாற்றி எழுதினார். அப்பையன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான்.