துணை நடிகர் என்றொரு சொல்

'துணை நடிகர்' என்ற சொல்லின்மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. கதாநாயகனுக்கு எடுபிடியாக நிற்பவர் என்பதுபோல அது ஒலிக்கிறது. 2024 நவம்பரில் தமது 80 ஆவது வயதில் சென்னையில் காலமான டெல்லி கணேஷ் அவர்களின் கலைவாழ்வை எண்ணிப் பார்ப்போருக்கு, அச்சொல் எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும்.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்தவர் கணேஷ். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளே அவரது பயிற்சிக்கூடம். 1977 இல் கே. பாலசந்தர் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் அவரை அறிமுகம் செய்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தவரும் அவரே. அப்போது கணேஷுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கவர்ச்சியான தோற்றமும் இல்லை. நமது தெருவில் நாளாந்தம் எதிர்ப்படும் முகம். அந்த முகத்தோடுதான் 400 இற்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அவர் ஏற்ற பாத்திரங்களின் வீச்சைக் கவனியுங்கள். 'பசி'யில் (1979) சென்னைச் சேரியில் வாழும் ரிக்‌ஷாத் தொழிலாளி. 'சிந்து பைரவி'யில் (1985) மதுப்பழக்கத்தால் பாடகரின் சினத்துக்கு ஆளாகும் மிருதங்க வித்துவான். 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கருக்கு இந்தியை மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்திலோ கொடிய வில்லன். அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர் மணி ஐயர்! சேரித் தமிழும் பாலக்காட்டுத் தமிழும் ஒரே நாவிலிருந்து பிறந்தன என்று நம்புவதே கடினம்.

நட்சத்திர நடிகருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு படத்தில் ஈட்டிய பிம்பத்தை அடுத்த படத்துக்கும் எடுத்துச் செல்லலாம். குணசித்திர நடிகருக்கோ ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் தொடக்கம். சில நிமிடங்களுக்குள் ஒரு முழு மனிதனை அவர் நம் முன் நிறுத்தியாக வேண்டும். காமேஸ்வரனின் வெகுளித்தனத்துக்கு நாம் சிரிப்பது, அவனை வளர்த்த மணி ஐயரின் பதற்றம் உண்மையாக இருப்பதனாற்றான். அந்தத் தகப்பன் பொய்த்துப்போனால் மகனும் பொய்த்துப்போவான்.

'பசி'க்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும், 1994 இல் கலைமாமணி விருதும் அவருக்குக் கிடைத்தன. அரை நூற்றாண்டை நெருங்கிய உழைப்புக்கு இவை போதுமா?

விருதுகளைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கணேஷ் மட்டுமல்லர், நாகேஷ், பூர்ணம் விசுவநாதன், வி.எஸ். ராகவன் ஆகியோரும் மேடை தந்த கொடைகளே. அந்த நாடக மேடை இன்று மெலிந்துவிட்டது. தகப்பனும் சித்தப்பாவும் அயல்வீட்டாரும் திரைக்கதைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறித் தொலைக்காட்சித் தொடர்களில் தஞ்சம் புகுந்துள்ளனர். கணேஷும் அங்கே ஓய்வின்றி உழைத்தவரே. ஆனால், ஒரே தகப்பனை மாதக்கணக்கில் நடிக்கச் செய்யும் தொடர்களில் அவரது ஆற்றலின் ஒரு சிறு பகுதிக்கே வேலை இருந்தது.

ஆளில்லை என்று இனிக் குறைப்படுவதில் பயனில்லை. அத்தகைய மனிதர்களை எழுதும் கதாசிரியர்கள் முதலில் வரட்டும். நடிப்பதற்கு இன்னொரு கணேஷ் எங்கோ ஒரு மேடையில் காத்திருக்கக் கூடும்.