பட்டன் போன்காரருக்கும் ஒரு வழி வேண்டும்

திறந்தால் அழைப்பை எடுத்தாயிற்று. 'டப்'பென்று மூடினால் பேச்சு முடிந்தது. மடக்கு போனின் இலக்கணம் அவ்வளவுதான். 1996-ல் மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் வந்தபோது வசதி படைத்தவர்களின் சட்டைப்பையில் இருந்த வடிவம் இது. 2004-ல் வந்த ரேஸர் வி3 உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. இன்றோ, எழுபது வயது அப்பாவுக்கு மகளோ மகனோ தேடிப்பிடித்து வாங்கித் தரும் பொருளாகிவிட்டது.

தேடி வாங்கக் காரணம் இருக்கிறது. காய்ந்துபோன விரலுக்குத் தொடுதிரை பல நேரம் மசியாது. பட்டனை அழுத்தியதோ விரலுக்கே தெரியும். 5-ஆம் எண் மேலுள்ள சிறு புள்ளி, பார்வை மங்கியவருக்கும் இடம் காட்டிவிடும். மடக்கி வைத்த போன் பைக்குள் கிடந்து தானாக யாரையும் கூப்பிடாது. 2022-ல் இந்தியாவில் 4,699 ரூபாய்க்கு வந்த நோக்கியா 2660 ஃபிளிப்பையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே 2.8 அங்குலத் திரை, வெளியே ஒரு குட்டித் திரை, எஃப்.எம். ரேடியோ, ஐந்து பேரின் எண்களைப் பதிந்து வைக்கக்கூடிய அவசர பட்டன். 1,450 எம்.ஏ.எச். பேட்டரி ஸ்மார்ட்போன் கணக்கில் அற்பம். இதிலோ நாள்கணக்கில் ஓடும்.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. அதன் 0.3 மெகாபிக்சல் கேமராவில் ரேஷன் கார்டைப் படமெடுத்தால் எழுத்தைப் படிப்பது சந்தேகம். 128 எம்.பி. சேமிப்பில் ஒரு நிமிட 4கே வீடியோகூட அடங்காது. மடக்கி மடக்கிக் கீலுக்குள் ஓடும் பட்டை ஒயர் நைந்தால் திரை இருண்டுவிடும். அலமாரியில் கிடக்கும் பழைய 2ஜி மடக்கு போனைத் தூசி தட்டி ஜியோ சிம்மைப் போட்டால் சிக்னலே வராது. அந்த நிறுவனத்திடம் 2ஜி சேவையே கிடையாது.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்தைத் தாங்கும். தமிழுக்கு 70 குறிகள்தான். அதிலும் 'கொடுக்கிறேன்' என்ற சொல் நமக்கு ஆறெழுத்து, ஒருங்குறிக் கணக்கில் பன்னிரண்டு. உயிரும் மெய்யும் புள்ளியும் பன்னிரண்டு பட்டன்களுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஒரு வரி எழுதுவதற்குள் கட்டைவிரல் களைத்துவிடும். மிஸ்டு கால் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இதை வாங்குகிறார்கள். பொறுக்க முடியாத குறை போனுக்கு வெளியே இருக்கிறது: "வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கோம், பாத்துக்கோங்க." பள்ளி அறிவிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, குடியிருப்புச் சங்கத்தின் தண்ணீர் லாரி நேரம் என்று எதற்கும் இதே பதில். 2018-ல் ஜியோபோனுக்கு வந்த வாட்ஸ்அப், அதன் கைஓஎஸ் தளத்தில் புதிதாகப் பதிவிறக்கும் வசதியை 2024 ஜூனில் நிறுத்திக்கொண்டது. பட்டன் போனுக்குத் திறந்திருந்த ஒரு கதவும் சாத்தப்பட்டது.

மனமிருந்தால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே, இணையமே இல்லாத போனிலிருந்து ஓர் எண்ணை அழைத்தே பணம் அனுப்ப வழி செய்தது. ரீசார்ஜிலும் அப்படித்தான்: பட்டன் போன்காரர்கள் தொடாத டேட்டாவுக்கும் சேர்த்தே பல காலம் பணம் கட்டிவந்தார்கள். குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட ஒரு திட்டமாவது தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வகுத்தது. இரண்டையும் செய்தவை ஒழுங்குமுறை அமைப்புகள். சந்தை தானாக இரங்கிவரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

அதே கண்டிப்பு அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் வரவேண்டும். செயலியில் தரும் எந்தச் சேவைக்கும் அழைத்துப் பேச ஓர் எண், பதில் சொல்ல ஓர் ஆள், முடிவைத் தெரிவிக்க ஒரு எஸ்.எம்.எஸ். கட்டாயமாகட்டும். தமிழில் அனுப்பினால் அது இரண்டு மூன்றாக உடையும். உடையட்டும், அப்பா படித்துக்கொள்வார்.